இருபதில் ஒன்று

(ஒரு நகர வாசகசாலையில் ஆற்றிய சொற்பொழிவு)



கம்பனின் கவிச்சுவையையும் பெரிய புராணத்தின் பக்திச் சுவையையும் கேட்டுப் பழகிய இந்த மண்டபத்தில், டெலிவிஷன் பெட்டியில் படம் ஏன் மங்கித் தெரிகிறது என்பதைப் பற்றி ஒருவன் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்ய வருகிறான் என்று நோட்டீஸில் கண்ட உங்களில் சிலருக்குச் சிறிது வியப்பும், வேறு சிலருக்குச் சிறிது வருத்தமும் உண்டாகியிருக்கக் கூடும். அந்த வருத்தத்தை நான் குறை கூற மாட்டேன். ஆனால், இராத்திரி ஏழு மணி முதல் பத்து மணி வரையில் நம் வீடுகளில் கம்பனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர், டெலிவிஷனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். நாள்தோறும் மூன்று மணி நேரம் பார்க்கும் ஒரு வஸ்துவின் லக்ஷணத்தைப் பற்றி என்றேனும் ஒரு நாள் ஒரு மணி நேரம் யோசிப்பதில் பிழையில்லை என்று கருதியே காரியதரிசி அவர்களின் அழைப்பை ஏற்றுக்கொண்டேன்.

இந்த விஷயத்தின் பக்கம் என் சிந்தையைத் திருப்பியவர் எந்த விஞ்ஞானியும் அல்ல. எண்பது வயதைத் தாண்டிய என் பெரியம்மா. 2006-ஆம் ஆண்டிலிருந்து தமிழக அரசு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இலவசமாக வழங்கிற்றே, 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி, அதில் ஒன்று அவர் வீட்டிலும் நெடுங்காலம் இருந்து வந்தது. ஒரு தீபாவளிக்கு அவருடைய மகன் 43 அங்குலப் பெட்டி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, பழைய பெட்டியைத் துணி சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டான். அன்று மாலை குடும்பத்தார் அனைவரும் சூழ்ந்திருக்க, அவர் வழக்கமாகப் பார்க்கும் தொடர் நாடகம் புதிய பெட்டியில் தொடங்கியது. ஐந்து நிமிஷம் உற்றுப் பார்த்த பெரியம்மா, “என்னப்பா இது, மூஞ்சியெல்லாம் கஞ்சித் தண்ணியிலே கரைச்சாப்பல இருக்கு? பழைய டிவியிலே நல்லாத்தானே தெரிஞ்சுது?” என்றார். “அப்பாயி, அது டிவி இல்லே, உங்க கண்ணு” என்றாள் பேத்தி. எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். பெரியம்மா மறுபடி ஒன்றும் சொல்லவில்லை.

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தவனுக்கு மனம் கொஞ்சம் உறுத்தியது. கண்ணில் கோளாறென்றால் சுவரில் தொங்கும் காலண்டரின் தேதியை அவர் எப்படிப் படிக்கிறார்? அதன்பின் சில மாத காலம் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் நான் கண்டுகொண்டது இதுதான்: பெரியம்மா சொன்னது அக்ஷர சுத்தமான உண்மை. பழைய நிகழ்ச்சி பழைய பெட்டியில் நன்றாகத்தான் இருந்தது. புதிய பெட்டியில் கெட்டுத்தான் போயிருக்கிறது. போன காலத்தைப் புகழும் முதுமையின் பிரமை என்று நாம் தள்ளிவிட்டது, ஸ்கேல் வைத்து அளந்து காட்டக்கூடிய பௌதிக உண்மையாக இருந்தது. ஆகவே இந்தப் பேச்சு ஒரு வகையில் அந்தச் சிரிப்புக்கு நான் செய்யும் பிராயச்சித்தம்.

முதலில் ‘எச்.டி.’ என்ற சொல்லைப் பார்ப்போம். ‘ஹை டெஃபனிஷன்’, அதாவது உயர்ந்த தெளிவு, என்பது நம் காலத்து விளம்பரக்காரர்கள் கண்டுபிடித்த பட்டம் என்று நாம் நினைக்கிறோம். உண்மை வேறு. 1926-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் லண்டனில் ஜான் லோகி பெயர்டு என்பவர் விஞ்ஞானிகள் சிலரைக் கூட்டி வைத்துத் தம்முடைய டெலிவிஷனைக் காட்டியபோது, அதில் படம் முழுவதும் முப்பதே முப்பது கோடுகளால் ஆகியிருந்தது. எதிரே இருப்பது ஒரு மனித முகம் என்று அடையாளம் காண முடிந்ததே அன்றைக்கு அதிசயம். பத்தாண்டுகள் கழிந்து, 1936 நவம்பரில் பி.பி.சி. நிறுவனம் அலெக்ஸாண்ட்ரா மாளிகையிலிருந்து ஒழுங்கான ஒளிபரப்பைத் தொடங்கியபோது, பெயர்டின் 240 கோடு முறையையும், மார்க்கோனி-இ.எம்.ஐ. கம்பெனியின் 405 கோடு முறையையும் வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பரீட்சித்துப் பார்த்தது. அந்த இரண்டையும்தான் அன்றைய அரசாங்கக் கமிட்டி ‘ஹை டெஃபனிஷன்’ என்று அழைத்தது. 240 கோடுகளுக்குக் குறையாதது எதுவோ அது உயர்ந்த தெளிவு என்பது அவர்கள் வகுத்த இலக்கணம். இன்று நாம் மங்கல் என்று முகம் சுளிக்கும் படம், அந்தக் கணக்குப்படி பார்த்தால் உயர்ந்ததிலும் உயர்ந்தது! தெளிவு என்பது எப்போதுமே எதனோடு ஒப்பிடுகிறோம், எதில் வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நம் தேசத்துக்கு டெலிவிஷன் 1959 செப்டம்பரில் டில்லியிலே பரீட்சார்த்தமாக வந்தது. சென்னை நிலையம் 1975-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணம் வந்து சேர்ந்தது. நாம் ஏற்றுக்கொண்ட முறைக்குக் கணக்கு 625 கோடுகள். அந்த 625-இலும் படத்தைத் தாங்கி வருபவை ஏறத்தாழ 576 தாம். மிச்சமுள்ளவை, படத்தை வரையும் எலெக்ட்ரான் கதிர் அடிவரிக்கு வந்தபின் மீண்டும் மேல்வரிக்குத் திரும்பிப் போவதற்கான அவகாசம். வயலில் ஏர் ஓட்டுகிறவன் ஒரு கோடியைச் சேர்ந்ததும் மாட்டைத் திருப்பிக்கொண்டு வர நேரம் வேண்டாமா, அதைப் போல. அந்த 576 என்ற எண்ணைத்தான் இன்றைக்கும் நம் வீட்டுக்கு வரும் சாதாரண அலைவரிசைகள், ‘எஸ்.டி.’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்களே அவை, சுமந்துகொண்டு வருகின்றன. ஒரு கோட்டுக்கு 720 புள்ளிகள். அப்படி 576 கோடுகள்.

இனி, பழைய பெட்டி படத்தை எவ்வாறு காட்டிற்று என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சூட்சுமம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் கோலம் போடுவதில் இரண்டு விதம் உண்டல்லவா? புள்ளிக் கோலத்தில் முதலில் வரிசையாகப் புள்ளிகளை வைத்துவிட வேண்டும். எத்தனை புள்ளி வைத்தோமோ அதற்கு ஏற்ற கோலந்தான் அங்கே வரும், எட்டுப் புள்ளிக் கோலத்தை இருபது புள்ளியில் போட முடியாது. இழைக் கோலம் அப்படியல்ல. அரைத்த அரிசி மாவில் துணியைத் தோய்த்து, விரலிடுக்கில் வழிய விட்டு இழுக்கும் அந்தக் கோட்டுக்குப் புள்ளிக் கணக்கு கிடையாது. ஈரத் தரையில் மாவு கொஞ்சம் பரவும், பக்கத்து இழையோடு விளிம்பில் கொஞ்சம் கலக்கும், காய்ந்த பிறகு பார்த்தால் கோடு எங்கே முடிந்து இடைவெளி எங்கே தொடங்கிற்று என்று தெரியாமல் ஒரே பூவாக நிற்கும். பழைய டப்பா டிவியின் பிக்சர் டியூபில் நிகழ்ந்தது இழைக் கோலம். எலெக்ட்ரான் கதிர் கண்ணாடியின் உட்புறத்தில் விழும் இடம் ஊசிமுனையல்ல. நடுவே பிரகாசமும் ஓரத்தில் மங்கலுமாகப் பரவி விழும் சிறு ஒளித்திட்டு. ஒரு கோட்டின் ஓரம் அடுத்த கோட்டின் ஓரத்தோடு இழைந்துவிடும். அதனால் 576 கோடுகள் என்ற பற்றாக்குறையை அந்தக் கருவி தன் இயல்பினாலேயே, எந்த யுக்தியும் செய்யாமல், எந்தக் கணக்கும் போடாமல் மறைத்துவிட்டது.

புதிய பெட்டியோ சுத்தப் புள்ளிக் கோலம். தொழிற்சாலையிலேயே புள்ளிகளைப் பதித்து அனுப்பிவிடுகிறார்கள். முழு எச்.டி. என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080. ஆக மொத்தம் 20,73,600 புள்ளிகள். ‘ஃபோர்-கே’ என்றால் 3840-ஐ 2160-ஆல் பெருக்க வேண்டும்: 82,94,400. எஸ்.டி. நிகழ்ச்சி கொண்டுவருவதோ 720-ஐ 576-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 4,14,720. இந்த எண்களை ஒரு காகிதத்தில் எழுதி வகுத்துப் பார்த்தபோது, தற்செயல்தான் என்றாலும், நான் சற்றே திகைத்துப் போனேன். முழு எச்.டி. அதற்குச் சரியாக ஐந்து மடங்கு. ஃபோர்-கே சரியாக இருபது மடங்கு. மீதி ஒன்றும் நிற்கவில்லை. அதாவது, இன்று நடுத்தரக் குடும்பங்கள் தவணை முறையில் வாங்கி மாட்டுகிற ஃபோர்-கே பெட்டியில் ஒரு சாதாரண அலைவரிசையை வைத்தால், திரை முழுவதும் ஒளிரும் இருபது புள்ளிகளில் ஒன்றுக்குத்தான் நிலையத்திலிருந்து சேதி வந்திருக்கிறது. மற்றப் பத்தொன்பதும் பெட்டி தானாக நிரப்பிக்கொண்டவை. நிறத்தின் கதி இன்னும் பரிதாபம்: நம் கண் வெளிச்ச வேறுபாட்டை அறியும் அளவுக்கு நிற வேறுபாட்டை நுட்பமாக அறியாது என்பதனால், நாலு புள்ளிக்கு ஒரு நிறம் என்ற கணக்கிலேயே அனுப்புகிறார்கள், ஆகவே நிறத்தைப் பொறுத்தமட்டில் எண்பதில் ஒன்றுதான் உண்மை.

இப்படி இல்லாததை இட்டு நிரப்பும் வித்தைக்கு எஞ்சினியர்கள் ‘இன்டர்பொலேஷன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த வாசகசாலையில் இருப்பவர்களுக்கு நான் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. பழைய ஏட்டுச் சுவடிகளில் புலவர்கள் தம் சொந்தச் சரக்கை நுழைத்து வைத்ததை நாம் இடைச்செருகல் என்கிறோமே, அதற்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். செல்லரித்துச் சிதைந்த ஏட்டை எதிர்கொண்டபோது, அறிந்ததை அறிந்ததாகவும் அறியாததைப் புள்ளியிட்டும் அச்சிட்ட உ. வே. சாமிநாதையரின் நேர்மையை நாம் போற்றுகிறோம். டெலிவிஷன் பெட்டிக்கு அந்த வசதி இல்லை; எந்தப் புள்ளியையும் அது காலியாக விட்டுவிட முடியாது. அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து, இவை இரண்டுக்கும் நடுவில் இன்ன வண்ணம் இருந்திருக்கலாம் என்று ஊகித்து எழுதுகிறது. ஊகம் மிதமாக இருந்தால் படம் மங்கும். மங்கலை மறைக்க ஓரங்களை அழுத்தி எழுதினாலோ, கதாநாயகியின் தோளைச் சுற்றிக் கரியால் ஒரு கோடும் அதற்கு வெளியே வெள்ளையாக ஒரு கோடும் தோன்றி, சந்தையில் விற்கும் சுவாமி படத்தின் ஒளிவட்டம் போல் ஆகிவிடும். எந்தச் சாமர்த்தியமும் இந்த இரண்டு தோஷங்களுக்கும் இடையில் ஊசலாடுவதுதான். வராத சேதியை வரவழைக்க எவராலும் ஆகாது.

இதோடு கஷ்டம் தீர்ந்ததா என்றால், இல்லை. பழைய முறையில் ஒரு முழுப் படத்தை ஒரே வீச்சில் அனுப்புவதில்லை. ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு தடவையும் இரட்டைப்படைக் கோடுகளை மறு தடவையுமாக, விநாடிக்கு ஐம்பது அரைப் படங்களை அனுப்புவார்கள். நம் மின்சாரமும் விநாடிக்கு ஐம்பது சுழற்சி உடையது என்பதை ஒட்டிப் பிறந்த சம்பிரதாயம் இது. பிக்சர் டியூபிலே இந்த இரண்டு பாதிகளும் கண்ணின் ஞாபகத்திலே ஒன்று சேர்ந்தன. புள்ளிப் பெட்டியோ இரண்டு பாதிகளையும் ஒரே சமயத்தில் காட்டியாக வேண்டும். ஆனால் ஒரு பாதிக்கும் மறு பாதிக்கும் இடையில் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு காலம் ஓடியிருக்கிறதே! ஆடுகிற பெண்ணின் கை அதற்குள் நகர்ந்துவிட்டது. இரண்டையும் அப்படியே பின்னினால் அந்தக் கையின் ஓரம் சீப்புப் பல்லைப் போல் கிழிந்து தெரியும். கிழியாமலிருக்க ஒரு பாதியைத் தள்ளிவிட்டால் 576 கோடு 288 ஆகிவிடும். நல்ல பெட்டிகள் அசைகிற இடத்துக்கு ஒரு விதமும் அசையாத இடத்துக்கு ஒரு விதமுமாகச் சமாளிக்கின்றன. மலிவான பெட்டிகள் சமாளிப்பதில்லை. கடையில் ஒரே விலைக்கு ஒரே அளவில் இரண்டு பெட்டிகள் இருந்து, எச்.டி. படம் இரண்டிலும் ஒன்று போலவே இருக்க, வீட்டுக்கு வந்து பழைய நிகழ்ச்சியை வைத்ததும் ஒன்று தேறி ஒன்று தோற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

படத்தைச் சுருக்கி அனுப்பும் கணிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் கணிதத்தின் மூலபுருஷர்கள் மூவர்: நாசிர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ். அகமது பெங்களூரில் பிறந்தவர். ராவ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பட்டம் பெற்றவர். மூவரும் அமெரிக்காவில் இருந்துகொண்டு 1974-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு கட்டுரையிலிருந்துதான், இன்று உலகத்தில் ஓடும் டிஜிட்டல் படங்களில் பெரும்பாலானவற்றின் சுருக்கும் முறை கிளைத்தது. படத்தை எட்டுக்கு எட்டு என்று அறுபத்து நாலு புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாத நுண்ணிய வேறுபாடுகளை விலக்கிவிடுவது அதன் உபாயம். அருமையான உபாயம், அளவோடு செய்தால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால், ஒரே பாதையில் எத்தனை அலைவரிசைகளை அடைக்கலாம் என்று பார்க்கும் ஒளிபரப்பு வியாபாரத்தில் அளவு எங்கே நிற்கும்? டவுன் பஸ்ஸில் தீபாவளிக்கு முந்தின நாள் ஏறுகிற கூட்டத்தைப் போலத்தான் அலைவரிசைகளும் அடைபடுகின்றன. அமைதியாக ஒருவர் உட்கார்ந்து செய்தி வாசிக்கும்வரையில் குறை தெரியாது. கோயில் கும்பாபிஷேகத்தை நேரடியாகக் காட்டும்போது பாருங்கள்: கற்பூர ஆரத்தியின் புகை கொஞ்சம் கிளம்பியதும் அது சதுரம் சதுரமாக, தரையில் பதித்த ஓடு போல, உடைந்து போகும், கலச நீர் தெறித்தால் தெறித்த துளியெல்லாம் கட்டங்களாக விழும். பெரியம்மாவின் 14 அங்குலப் பெட்டியில் இந்தக் கட்டம் கடுகளவு. 43 அங்குலத்தில் அது காராமணி.

அளவு என்றதும் தூரம் வருகிறது. ஆரோக்கியமான கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு என்பது கண் வைத்தியர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. இதை வைத்துக்கொண்டு, 576 கோடுகளில் ஒன்றும் தனித்துத் தெரியாமல் படம் முழுமையாகத் தெரிய எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். 14 அங்குலப் பெட்டிக்கு நாலடிக்குச் சற்று மேல் போதும். 43 அங்குலத்துக்குப் பத்தரை அடி வேண்டும். 55 அங்குலத்துக்கோ பதின்மூன்றரை அடி. நம்மில் எத்தனை பேர் வீட்டுக் கூடத்தில் நாற்காலிக்கும் சுவருக்கும் இடையில் பதின்மூன்றரை அடி இருக்கிறது? அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பத்தடி இருந்தால் அதிகம். பெட்டி மூன்று மடங்கு வளர்ந்தது, வீடு வளரவில்லை. எல்லோரும் கோளாறு படத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்க, அதில் பாதி கூடத்தின் நீளத்தில் இருக்கிறது.

இனி வடிவத்தின் விவகாரம். பழைய படம் நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் அமைந்தது. புதிய திரை பதினாறுக்கு ஒன்பது. இந்தப் பதினாறுக்கு ஒன்பதை எண்பதுகளில் முன்மொழிந்தவர் கெர்ன்ஸ் பவர்ஸ் என்னும் அமெரிக்க எஞ்சினியர். பழைய டெலிவிஷனின் சதுரப் போக்குக்கும் சினிமாஸ்கோப்பின் நீளப் போக்குக்கும் நடுவே ஒரு சமரச வடிவம் அது. சமரசத்துக்கே உரிய விதிப்படி, இரண்டில் எதற்கும் அது பொருந்துவதில்லை. 1973-இல் வெளிவந்த தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜ ராஜ சோழன்’ பழைய நாலுக்கு மூன்று சட்டத்துக்குள் அனுப்பப்பட்டால், மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக, தஞ்சைச் சக்கரவர்த்திக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 327 கோடுகள்! நாலுக்கு மூன்று நிகழ்ச்சியைப் புதிய திரையில் உள்ளபடி வைத்தாலோ இரண்டு பக்கமும் கறுப்பாக, திரையில் சரியாகக் கால் பங்கு வீணாகிறது.

இந்தக் கால் பங்கைத்தான் நம் மக்களால் பொறுக்க முடிவதில்லை. “காசு கொடுத்து வாங்கின டிவியிலே கால்வாசியைக் கறுப்பா விட்டுடறதா?” என்று கேட்டு, ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கிப் படத்தை இரு பக்கமும் இழுத்து விடுகிறார்கள். அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. பௌர்ணமிச் சந்திரன் பூசணிக்காய் ஆகிறது. மெலிந்த நாகேஷ் கூடக் கொஞ்சம் சதைப் பிடிப்பாகத் தெரிகிறார். இதைப் பல வருஷங்களாகப் பார்த்துப் பார்த்து, மனிதர்களுடைய முகம் இப்படித்தான் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். புள்ளிகளின் பற்றாக்குறைக்காவது பௌதிக சாஸ்திரத்தைக் குற்றம் சொல்லலாம். இந்த இழுப்புக்கு நம் பேராசையைத் தவிர வேறொன்றையும் குற்றம் சொல்ல வழியில்லை. எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

பழையதெல்லாம் மங்கல், புதியதெல்லாம் தெளிவு என்று இதிலிருந்து ஒருவர் முடிவு கட்டினால் அது பெருந்தவறு. 1964-இல் வெளிவந்த ‘கர்ணன்’ படம் 2012-இல் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கு வந்தபோது, அதன் அலங்காரங்களையும் கவசங்களையும் கண்டு இளைஞர்கள் கூட வியந்தார்கள். காரணம், அது ஃபிலிமில் பிடித்த படம். ஃபிலிமின் ரசாயனப் படலத்துக்குக் கோட்டுக் கணக்கு கிடையாது. நெகட்டிவ் பிழைத்திருந்தால், இன்றைய நுட்பமான கருவியில் மறுபடி வைத்து, அன்றைய டெலிவிஷன் ஒருநாளும் காட்டியிராத விவரங்களையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முப்பது வருஷம் பின்னால் பிறந்த ஒரு தொடர் நாடகமோ, நேரே வீடியோ நாடாவில் பதிவாயிற்று. அதற்கு மூலமே அந்த 576 கோடுகள்தாம். அதற்கு மேல் கேட்டால் அது எங்கே போகும்? தாத்தாவின் கல்யாணப் போட்டோ பேரனின் கல்யாண வீடியோவை விடத் தெளிவாக இருக்கும் விசித்திரத்தை நம் வீடுகளிலேயே பார்க்கலாம். எச்.டி. என்று பெயர் பொறித்த அலைவரிசைக்குக் கூடுதல் சந்தா கட்டினாலும், அதிலே அந்தப் பழைய நாடாவை ஓட்டினால் அது பழைய நாடாவேதான். இடைச்செருகலை நம் பெட்டி செய்வதற்குப் பதிலாக நிலையத்தின் இயந்திரம், சற்று மேலான கைத்திறனோடு, செய்து அனுப்புகிறது.

இப்போது வரும் விலையுயர்ந்த பெட்டிகள் இன்னொரு படி மேலே போய்விட்டன. இலட்சக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கிய செயற்கை அறிவு, மங்கலான ஒரு முகத்தைக் கண்டதும், இத்தகைய முகத்துக்கு இத்தகைய இமையும் இத்தகைய தோலும் இருக்கும் என்று தன் அனுபவத்திலிருந்து எடுத்து ஒட்டுகிறதாம். பார்த்திருக்கிறேன், அழகாகவே இருக்கிறது. ஆனால் அந்த இமை அந்த நடிகையின் இமை அல்ல என்ற எண்ணம் ஒரு தடவை மனத்தில் புகுந்துவிட்டால், பிறகு நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை. என்றோ மறைந்த ஒரு சங்கீத வித்துவானின் பழைய கச்சேரிப் பதிவில், வீணைத் தந்தியில் அவர் விரல் நின்ற இடத்தை ஒரு பெட்டி தன் ஊகத்தால் எழுதிக் காட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. இந்த விஷயத்தில் நான் பழைய ஏட்டுப் பதிப்பாசிரியர்களின் கட்சி.

அப்படியானால் வழி என்ன என்று கேட்பீர்கள். நான் பெரியம்மா வீட்டில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஒயர் போட்டிருந்தார்கள். அந்த மஞ்சள் ஒயர் ஒன்றிலேயே வெளிச்சத்தையும் நிறத்தையும் கலந்து அனுப்பிப் பின் பிரிப்பதால், கட்டம் போட்ட புடவையின் மீது இல்லாத வானவில் ஓடும். அதை எடுத்துவிட்டு எச்.டி.எம்.ஐ. ஒயர் வாங்கி மாட்டினேன். எஸ்.டி. எச்.டி. ஆகவில்லை; வானவில் போயிற்று. அடுத்தபடியாக, கடைக்காரர்கள் நூறு பெட்டிகளின் நடுவே தம் பெட்டி பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக வைக்கும் ‘விவிட்’ என்ற அமைப்பை மாற்றி, ‘ஷார்ப்னெஸ்’ என்பதை ஏறத்தாழப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்தேன். கூர்மையைக் குறைத்தால் படம் மேலும் மங்கிவிடுமே என்று மகன் தடுத்தான். மங்கவில்லை, அந்தக் கரிக்கோடும் ஒளிவட்டமும் மறைந்து, முகம் முகமாயிற்று. கடைசியாகப் படத்தை நாலுக்கு மூன்றாக்கி, நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டேன். இவை எல்லாமே பெட்டியின் வேலையைக் கூட்டுபவை அல்ல, குறைப்பவை என்பதைக் கவனியுங்கள்.

பெரியம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். சிறிது நேரம் பார்த்துவிட்டு, “இப்போ பரவாயில்லை” என்றார். பிறகு, “ஆனா, டிவி ஏன் சின்னதாப் போச்சு?” என்று கேட்டார். மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் ஊர் திரும்பின மறுநாளே அவன் படத்தைப் பழையபடி இழுத்து வைத்துவிட்டதாகப் பேத்தி போனில் சொன்னாள்.

சென்ற மாதம் போயிருந்தபோது கூடத்தில் மகன் எச்.டி.யில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். பந்தின் தையல் தெரிந்தது. அதை நான் மனமாரப் பாராட்டினேன். பெரியம்மா கூடத்தில் இல்லை. பின்கட்டு அறையில், பரணிலிருந்து இறக்கிய பழைய பெட்டியை ஒரு மர ஸ்டூலின் மேல் வைத்து, நான் கழற்றிப் போட்ட மஞ்சள் ஒயரையே அதில் மாட்டி, தமக்கென்று வாங்கச் சொன்ன இன்னொரு செட்டாப் பாக்ஸோடு இணைத்து, அதே தொடர் நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாயில் எனக்கும் இடம் விட்டார். பெட்டிக்கும் எங்களுக்கும் நடுவில் ஐந்தடி இருக்கலாம். கோடு ஒன்றும் தெரியவில்லை. விளம்பரம் வந்தபோது வெற்றிலையை மடித்தபடி, “கண்ணு நல்லாத்தான் இருக்கு, பாத்தியா?” என்றார்.